மேச்சேரியில் நெஞ்சு வலித்தால்

நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் நம் வீடுகளில் முதலில் வாயில் வரும் சொல் ‘வாயு’. சோடா வாங்கிவர ஆள் ஓடும், முதுகில் தைலம் தேய்ப்பார்கள். வலி தாடைக்கும் இடது கைக்கும் இறங்கி, சட்டை வியர்வையில் நனைந்த பிறகுதான் வண்டி தேடுவார்கள். அது மாரடைப்பானால், இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டபின் இதயத் தசை சிறுகச் சிறுகச் செத்துக்கொண்டே போகிறது. செத்த தசை திரும்ப வளர்வதில்லை. மேச்சேரிக்கு மேட்டூர் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பெரிய மருத்துவமனையான சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். அந்தத் தூரம் குறையாது. சோடாவுக்குப் போகும் நேரத்தைக் குறைக்கலாம்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்ததுதான். ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் தயாராக இருக்கும்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. முதல் இரண்டும் ரத்தக் கட்டி பெருகாமல் தடுக்கும். மூன்றாவது, குழாயில் படிந்த கொழுப்பு உடையாமல் காக்கும். குடல்புண் உள்ளவருக்கு இந்த மாத்திரைகளால் ரத்தம் கசியாதா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் விசாரித்து, பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து பிரித்து விழுங்குவதற்கல்ல. மாத்திரை போட்டதும் வலி தணிந்தால் வீடு திரும்பிவிடுவார்களே என்ற கவலை இன்னும் பெரியது. அடைப்பை இந்த மாத்திரைகள் திறப்பதில்லை. 108 வண்டியில் ஏறியே ஆகவேண்டும். சிறு மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸால் இணைத்துத் தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. கிட்ட உள்ள இடத்தில் தொடங்கி, தாமதிக்காமல் மேலே அனுப்பினால் உயிர் மிஞ்சுகிறது.

தறி ஓட்டுகிறவருக்கும் செம்மறி மேய்க்கிறவருக்கும் நெஞ்சுநோய் வருமா என்பார்கள். உடலுழைப்பு நல்லதுதான், ஆனால் பீடிப் புகையையும் ஏறிய பிரஷரையும் அது கழுவிவிடாது. 2020-இல் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அது கட்டுக்குள் இருந்தது அவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டும். வலிக்காத நோய்க்கு எதற்கு மருந்து என்று பாதி அட்டையிலேயே நிறுத்திவிடுகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் மாரடைப்பேகூட நெஞ்சு வலிக்காமல், வெறும் மூச்சிரைப்பாகவோ குமட்டலாகவோ வரும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிரஷர் கருவியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். தறியை இரண்டு நிமிடம் நிறுத்தி, கையை நீட்டினால் போதும்.