வசனத்திலிருந்து வாய்தாவுக்கு

கோர்ட் படம் என்றால் அன்று வசனம்தான். 1952-ல் வந்த 'பராசக்தி'யில் கூண்டில் நின்று சிவாஜி கணேசன் பேசியதைத் தமிழர்கள் மனப்பாடமாகவே சொன்னார்கள். அந்தப் பேச்சை நான் குறையாகச் சொல்லமாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லச் சட்டமே இடம் தருகிறது. அதற்குச் சத்தியப் பிரமாணம்கூடத் தேவையில்லை. நம்பமுடியாதது, தங்கை மேலான கொலை வழக்கு அண்ணன் நீதிபதியிடமே வந்து சேர்வதுதான். உறவு தெரிந்த நிமிடமே அவர் விலகியாக வேண்டும்.

சுத்தியல் தட்டுவதும் சினிமாப் பழக்கமே; நம் நீதிபதிகள் தட்டுவதில்லை. கடைசி நேரத்தில் ஓடிவரும் சாட்சி மட்டும் பாதி உண்மை. குற்றப்பத்திரிகையிலேயே சாட்சிப் பட்டியல் இருக்கும், நகலும் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். ஆனாலும் எந்தக் கட்டத்திலும் யாரையும் அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மனு போடவேண்டும், ஆட்சேபம் வரும், பிறகு இன்னொரு வாய்தா.

அந்த வாய்தாவைத்தான் பழைய படங்கள் விட்டுவிட்டன. மும்பையின் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கோர்ட்டுக்கு நடந்தவர்களுக்கு வழக்கு என்றால் அதுதான். 2015-ல் திரைக்கு வந்த சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' அதை இதே மும்பையில் வைத்துக் காட்டியது. பாதாளச் சாக்கடைத் தொழிலாளியைத் தற்கொலைக்குத் தூண்டியதாகப் பாட்டுக்காரர் நாராயண் காம்ப்ளே மேல் வழக்கு. அரசு வக்கீல் சட்டப்பிரிவுகளை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துக்கொண்டே போகிறார். சாட்சி சொன்னதை நீதிபதி தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்ல, தட்டச்சாவது அதுதான். கையில்லாத மேலாடை போட்டு வந்த பெண்ணின் வழக்கை அன்று எடுக்கவே இல்லை. இதைவிட உண்மையான கோர்ட் படத்தை நான் பார்த்ததில்லை.

அதற்காகப் புதிய படமெல்லாம் நிஜம் என்று ஆகிவிடாது. மும்பையை உலுக்கிய நானாவதி கொலை வழக்கைத் தழுவிய 'ரஸ்தம்' (2016), ஜூரி விடுதலை செய்வதோடு முடிகிறது. 1959-ல் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது உண்மைதான். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய் ஆயுள் தண்டனை ஆனது, 1961-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது என்ற வாதம் நிற்கவில்லை. குளித்துவிட்டு வந்த பிரேம் ஆஹுஜா இடுப்பில் கட்டியிருந்த துண்டு, அவர் நானாவதியால் சுடப்பட்டு விழுந்த பிறகும் அவிழவில்லை. கதைக்கு இதைவிட நல்ல தடயம் எங்கே கிடைக்கும்? ஆனால் முதல் தீர்ப்பிலேயே படத்துக்குத் திரை விழுந்துவிட்டது.

'ஜெய் பீம்' (2021) சட்டத்தை மதித்த படம். ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரிப்பது வழக்கமில்லை என்பதை அது மறைக்கவில்லை. கேரளத்து ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டி வக்கீல் அனுமதி வாங்குகிறார். ஆனால் படத்துக்கு மூலமான, 1993-ல் நிஜத்தில் நடந்த போலீஸ் காவல் கொடுமைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2006-ல். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் ஒருவர் படமாக எடுக்கவேண்டும் என்று மனம் கேட்கிறது.