உருளும் திரையில் தெரியும் பக்கம் எது?

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் முன்னர்க் காகிதப் பதிவேடுகளில் எழுதிவந்த விவரங்களுள் பல, இப்பொழுது கைப்பேசிச் செயலிகளில் பதிவாகின்றன. 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘தீக்ஷா’ ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாடப்பொருள்களை அளிக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘போஷண் டிராக்கர்’ அங்கன்வாடிப் பணியாளர்களின் பதிவேடாகப் பயன்படுகிறது. கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் விவரங்கள் பக்கம் பக்கமாக அமைந்து, விரலால் தள்ளுந்தோறும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு வருகின்றன.

காகிதப் பதிவேட்டில் எந்த ஏடு திறந்திருக்கிறது என்பதைக் கண் அறியும். கைப்பேசிக்கோ கண் இல்லை. அது கணக்கிட்டே அறியவேண்டும். குழந்தை ஒன்றுக்குப் பக்கம் ஒன்றாக அமைந்த ஒரு செயலியில் அக்கணக்குத் தவறுமாயின், ஒரு குழந்தையின் எடை அடுத்த குழந்தையின் பெயரில் ஏறிவிடக்கூடும். கணக்கு மிக எளியது. தொடக்கப் பள்ளியில் கற்பிக்கும் வகுத்தலே அதற்குப் போதும். எனினும் அது தவறும் இடங்கள் பல.

சுருளும் சாளரமும்

செயலியிலுள்ள பக்கங்கள் அனைத்தும் ஒரு நீண்ட காகிதச் சுருளைப் போல ஒட்டிவைக்கப்பட்டுள்ளன என்றும், திரையானது அச்சுருளின்மேல் வைத்த சாளரம் என்றும் கொள்க. விரலால் தள்ளும்போது சுருள் சாளரத்தின்கீழ் நகர்கிறது. தொடக்க நிலையிலிருந்து அது நகர்ந்துள்ள தொலைவைப் ‘பெயர்வு’ எனலாம். கைப்பேசிக்குத் தெரிவன பெயர்வும் பக்கத்தின் அகலமுமே.

இதனை வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டலாம். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள காகித நாடாவில், 10 சென்டிமீட்டருக்கு ஒரு பக்கமாக ஐந்து பக்கங்களைக் குறித்துக்கொள்க. ஓர் அட்டையில் 10 சென்டிமீட்டர் அகலச் சாளரம் வெட்டி, நாடாவை அதன்கீழ் இழுக்கவேண்டும். 24 சென்டிமீட்டர் இழுத்தால், 24-ஐ 10-ஆல் வகுக்க 2.4 கிடைக்கிறது. அருகிலுள்ள முழு எண் 2. கணினி முறையில் முதற்பக்கத்தின் எண் 0 ஆதலால், 2 என்பது மூன்றாம் பக்கம். சாளரத்தின் பெரும்பகுதியில் தெரிவதும் அதுவே. 26 சென்டிமீட்டர் இழுத்தால் 2.6 ஆகி, அருகிலுள்ள முழு எண் 3 ஆகிறது. அதாவது நான்காம் பக்கம்.

பின்னத்தை நீக்கிவிட்டு முழு எண்ணை மட்டும் கொள்வோர் இவ்விடத்தில் பிழை செய்வர். 29 சென்டிமீட்டர் இழுத்தபோது சாளரத்தில் ஏறக்குறைய முழுவதும் நான்காம் பக்கமே தெரியும். பின்னத்தை நீக்கியவர் கணக்கிலோ அது மூன்றாம் பக்கமாகவே இருக்கும்.

இடைவெளியால் வளரும் பிழை

பக்கங்களுக்கிடையே அழகுக்காகச் சிறு இடைவெளி விடப்படுவதுண்டு. பக்கத்தின் அகலம் 360 அலகு, இடைவெளி 10 அலகு எனக் கொள்வோம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்திற்குச் செல்ல 370 அலகு நகரவேண்டும்; ஆகவே பெயர்வை 370-ஆல் வகுத்தலே முறை. இடைவெளியை மறந்து 360-ஆல் வகுத்தால் என்ன நேரும்?

இரண்டாம் பக்கத்தில் 370-ஐ 360-ஆல் வகுக்க 1.03, விடை சரியாகவே தோன்றும். பதினெட்டாம் பக்கத்தில் பெயர்வு 6,290, வகுத்தால் 17.47, அருகிலுள்ள முழு எண் 17 ஆதலால் இதுவும் சரியே. பத்தொன்பதாம் பக்கத்தில் பெயர்வு 6,660, வகுத்தால் 18.5, அது 19 என முழுமையாக்கப்பட்டு, இருபதாம் பக்கம் என்று காட்டப்படும். அதன்பின் வரும் பக்கங்கள் யாவும் பிழையாகவே எண்ணப்படும். பத்துப் பக்கங்களோடு சோதித்தவருக்கு இக்குறை புலப்படாது. நாற்பது குழந்தைகளின் விவரம் வைத்திருக்கும் பணியாளருக்கே அது முதன்முதலில் தென்படும்.

உயரம் வேறுபடும் பக்கங்கள்

மேலிருந்து கீழாக நகரும் பட்டியல்களில் பக்கங்களின் உயரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மூன்று பக்கங்களின் உயரம் முறையே 600, 200, 900 அலகு. திரையின் உயரம் 640. பெயர்வு 500 எனக் கொள்க. அப்போது முதற்பக்கத்தின் கடைசி 100 அலகும், இரண்டாம் பக்கம் முழுவதும், மூன்றாம் பக்கத்தின் முதல் 340 அலகும் திரையில் தெரியும். இவற்றுள் ‘தெரியும் பக்கம்’ எது?

மேல்விளிம்பில் உள்ளது எது எனக் கேட்டால் முதற்பக்கம். முழுமையாகத் தெரிவது எது எனின் இரண்டாம் பக்கம். அதிக இடத்தைக் கொண்டது எது எனின் மூன்றாம் பக்கம். மூன்று விடைகளும் சரியே, வினாவே மூவகைப்பட்டது. ஆண்ட்ராய்டில் 2014-இல் அறிமுகமான ‘ரீசைக்ளர்வியூ’ என்னும் பட்டியல் அமைப்புடன் பயன்படும் கருவிகள், முதலில் தெரியும் உருப்படியையும் முதலில் முழுமையாகத் தெரியும் உருப்படியையும் தனித்தனியே கேட்டறிய வழி செய்திருப்பது இதனாலேயே. ஆகவே செயலி எந்தப் பொருளில் ‘தெரியும்’ என்ற சொல்லை ஆள்கிறது என்பதை முதலில் முடிவுசெய்தல் இன்றியமையாதது.

கவனிக்கவேண்டிய பிற அம்சங்கள்

முதலாவது, காலம். சுருள் விரலால் இழுக்கப்படும்போது ஒரு நிலை, விரல் எடுத்தபின் தானே ஓடி அமையும்போது ஒரு நிலை, அசைவற்று நிற்கும்போது ஒரு நிலை என மூன்று நிலைகள் உண்டு. பக்க எண்ணைக் காட்டும் புள்ளிகள் நகரும்போதே மாறலாம். ஆனால் பதிவு செய்தல் மூன்றாம் நிலையிலேயே நிகழவேண்டும்.

இரண்டாவது, விளிம்பு. சில கைப்பேசிகளில் முதற்பக்கத்தையும் பின்னோக்கி இழுத்தால் சுருள் சற்று நகர்ந்து மீளும். அப்போது பெயர்வு பூஜ்யத்திற்குக் கீழே செல்கிறது. விடை 0-க்குக் குறையாமலும் கடைசிப் பக்கத்தின் எண்ணை மிஞ்சாமலும் தடுக்கப்படவேண்டும்.

மூன்றாவது, திருப்புதல். அகலம் 360 உள்ள திரையில் ஐந்தாம் பக்கத்தின் பெயர்வு 1,440. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பியதும் அகலம் 800 ஆகிப் பெயர்வு மட்டும் மாறாதிருந்தால், விடை 1.8, அதாவது மூன்றாம் பக்கம். திருப்புமுன் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, திருப்பியபின் புதிய அகலத்தால் பெருக்கிப் பெயர்வைத் திருத்துவதே பரிகாரம்.

நான்காவது, எழுத்தின் திசை. உருது முதலிய மொழிகளில் முதற்பக்கம் சுருளின் வலக்கோடியில் அமையுமாயின், இடக்கோடியிலிருந்து எண்ணும் கணக்குத் தலைகீழாகும். நம் நாட்டின் பல மொழிகளுக்கும் பொதுவாக அமையும் செயலியில் இதனை மறத்தல் ஆகாது.

ஊழியர்கள் செய்யத்தக்கவை

பக்கத்தைத் தள்ளியபின் திரை அசைவற்று நிற்கும்வரை பொறுத்து, பக்க எண்ணை மட்டும் நம்பாமல், பக்கத்தின் தலைப்பிலுள்ள பெயரைப் படித்த பின்னரே எண்களைப் பதிவு செய்தல் நலம். பிழை காணின், திரையில் இருந்த பக்கம், செயலி காட்டிய எண், மொத்தப் பக்கங்கள், கைப்பேசி திருப்பப்பட்டதா என்னும் நான்கையும் எழுதி அனுப்பினால் செயலியை அமைப்போர் காரணத்தை விரைவில் காண்பர். ஆசிரியர்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்வாராக: ஒரு பக்கம் திரையில் தெரிந்தது என்பதையே செயலி கூறமுடியும், மாணவன் அதனைப் படித்தானா என்பதை ஆசிரியரே கேட்டறிதல் வேண்டும்.