கடல் நீரில் வெண்கலமாகும் செம்பு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் கரையோரம் நடந்தால், அலை ஏறி இறங்கும் இடத்தில் மணல் கரும்பட்டைகளாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அழுக்கு என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கடல் செய்த பிரிப்பு வேலை. சாதாரண வெள்ளை மணல் கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், கரிய இல்மனைட் ஏறக்குறைய 4.7, தோரியம் பொதிந்த மோனசைட் 5 கிராமை ஒட்டி. திரும்பும் அலை லேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, கனத்தது தங்கிவிடுகிறது.

இதே அடர்த்தியை வைத்து ஒரு விளக்கின் உலோகத்தையும் கண்டுபிடிக்கலாம். செங்கல்பட்டில் பழைய பாத்திரக் கடையொன்றில் சின்னக் காமாட்சி விளக்கு வாங்குகிறீர்கள். கடைக்காரர் வெண்கலம் என்கிறார். கீறிப் பார்க்க மனம் வரவில்லை. சமையலறை மின்தராசு போதும். விளக்கின் எடை 425 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். விளக்கை நூலில் கட்டி, முழுதும் மூழ்க, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் தராசு 50 என்று காட்டும்!

தண்ணீர் விளக்கை மேலே தள்ள, விளக்கும் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்த அழுத்தம், விளக்கு விலக்கிய நீரின் எடை. ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஒரு கிராம் என்பதால், விளக்கின் கன அளவே 50. 425-ஐ 50-ஆல் வகுத்தால் 8.5. பெரும்பாலும் பித்தளை. வெண்கலம் 8.8-ஐ ஒட்டி வரும். வெள்ளீயம் கூடினால் கொஞ்சம் இறங்கிப் பித்தளையை நெருங்கும். செம்பு 8.96. முலாம் பூசிய இரும்பு 7.9-இலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். மாமல்லபுரத்துக் கடல் நீரை மொண்டுவந்து செய்தால், உப்பினால் நீர் 2 சதவீதம் போலக் கனத்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அசல் செம்பு 8.8 என்று வந்து, வெண்கலமாகிவிடும். ஒட்டிக்கொண்ட காற்றுக்குமிழியும் இப்படித்தான் எண்ணை இறக்கும்.

தங்கத்தில்தான் இந்த முறை உண்மையாகவே திணறுகிறது. தங்கம் 19.3, டங்ஸ்டன் 19.25. தங்கத் தோலுக்குள் டங்ஸ்டன் இருந்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்காது.

தண்ணீரையே கிட்டே சேர்க்காத உலோகமும் இந்தக் கரையில் இருக்கிறது. கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். திட நிலையில் அதன் அடர்த்தி 0.97, நீரில் மிதக்கும், ஆனால் மிதந்த வேகத்தில் ஹைட்ரஜனைக் கக்கித் தீப்பிடிக்கும். ஆய்வகத்தில் அதை எடை போட மண்ணெண்ணெய் இருக்கிறது. அதில் சோடியம் மூழ்கும். 97 கிராம் கட்டி தராசில் 80 காட்டும். மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.8 என்றால், கட்டியின் கன அளவு 100.