214 கோடியில் முடியும் கடிகாரம்

214,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சம். இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையிலிருந்து 1-ஐக் கழித்துப் பாருங்கள். இதுதான் வரும். இது ஒரு பகா எண் (1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாதது). 1772-இல் ஆய்லர் என்ற கணித மேதை இதை நிரூபித்தார்.

கணினி இல்லாமல் எப்படி முடிந்தது? இந்த எண் வகுபடுவதாக இருந்தால், 46,341-க்குக் கீழே ஒரு வகுஎண் கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவதாக இருக்க வேண்டும். அந்தச் சிலவற்றை மட்டும் சோதித்தால் போதும். ஒன்றும் வகுக்கவில்லை.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? கணினி எல்லா எண்களையும் 0, 1 என்ற இரண்டே குறிகளில் எழுதுகிறது. பழைய கணினிகளில் ஓர் எண்ணுக்கு 32 இடங்கள் (பிட்) ஒதுக்குவது வழக்கம். அதில் ஓர் இடம் கூட்டலா கழித்தலா என்பதற்குப் போய்விடும். மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பினால் வருவது நம் எண்தான். அதற்கு மேல் இடமில்லை.

பகா எண் என்பதால்தான் இந்தச் சிக்கலா? இல்லை. அது தற்செயல். 31 இடங்கள் நிரம்பிவிட்டன என்பதே விஷயம். 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் இந்த எல்லையை நெருங்கியபோது, யூடியூப் தன் எண்ணிக்கையை 64 இடங்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பாட்டு போகட்டும், நேரம்தான் கவலை. பல கருவிகள் 1970 ஜனவரி 1 தொடங்கி விநாடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. இந்திய, இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்தக் கணக்கு 214,74,83,647-ஐத் தொடும். 32 இடங்களே உள்ள கருவியில் அடுத்த விநாடியில், வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு சுழன்றுவிடுவதுபோல, கணக்கு கழித்தல் எண்ணாகத் திரும்பும். கருவி 1901 டிசம்பர் என்று காட்டும்.

உங்கள் கைபேசிக்கு ஆபத்தா? அண்மையில் வாங்கியது என்றால் பெரும்பாலும் இல்லை. புதிய கைபேசிகள் 64 இட முறைக்கு மாறிவிட்டன. கவனிக்க வேண்டியவை, வாங்கி மாட்டியபின் யாரும் தொடாத பொருள்கள்: பழைய கண்காணிப்புக் கேமராப் பெட்டி, வருகைப் பதிவு இயந்திரம், கடையின் பில் மென்பொருள்.

2038-க்கு இன்னும் நாள் இருக்கிறதே என்கிறீர்களா? நீண்டகாலக் கடனின் கடைசித் தவணைத் தேதியைப் பழைய மென்பொருள் இன்றைக்கே கணக்கிட்டாக வேண்டும். தவறு அங்கே முன்கூட்டியே தலைகாட்டலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? கருவியின் தேதி அமைப்புக்குப் போய், ஆண்டை ஏற்றிப் பாருங்கள். சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 2037-க்கு மேல் ஏற மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். விற்றவரிடம் மென்பொருள் புதுப்பிப்பு உண்டா என்று கேளுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் கைபேசியில் மட்டும் தேதியை மாற்றிச் சோதிக்காதீர்கள். வங்கிச் செயலி முரண்டு பிடிக்கலாம்.