உப்பும் தைராய்டும்

நம் உடலில் சில சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது. தாம் சுரப்பதை நேரே இரத்தத்தில் கலந்துவிடும். இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவை தரும் பொருளுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். கணையத்தின் இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். அட்ரினலின் இதயத்தைப் படபடக்கச் செய்யும் (தேர்வு மண்டபத்தில் இதனை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம்!). எனினும் பெண்களாகிய நாம் முக்கியமாக அறியவேண்டியது தைராய்டு.

தொண்டையின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இச்சுரப்பி சுமார் 20 கிராம் எடையே உடையது. இதன் தைராக்ஸின், உயிரணுக்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்யவேண்டும் என்று நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு தைராக்ஸின் மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. தைராக்ஸின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி மற்றொரு ஹார்மோனை அனுப்பித் தைராய்டைத் தூண்டும். உணவில் அயோடின் இல்லையென்றால் பாவம், அது என்ன செய்யும்? தூண்டத் தூண்டப் பருத்துக் கழுத்தில் கழலையாகத் தோன்றும்.

கழலையைவிடக் கொடியது ஒன்றுண்டு. கருவிலுள்ள சிசு முதல் மூன்று மாதங்கள் தாயின் தைராக்ஸினையே நம்பியிருக்கிறது. தாய்க்கு அது மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பின்னர் அதனை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

இமயமலை அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் இந்நோய் மிகுந்திருந்தது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் அப்பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதலிரண்டு பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

“மெரினா பக்கத்திலேயே இருக்க, நமக்கேன் இந்தக் கவலை?” என்று மயிலாப்பூர்வாசிகள் கேட்கக்கூடும். கடல் மீனில் அயோடின் உண்டு, மெய்தான். ஆனால் உப்பளத்தில் கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் அயோடின் மிகச் சொற்பமே தங்குகிறது. ஆகவே தூத்துக்குடி உப்பிலும் அதைத் தனியே சேர்க்கவேண்டியிருக்கிறது. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். அதற்காக உப்பை அள்ளிப் போடவேண்டாம்!

கல் உப்போ தூள் உப்போ, அயோடின் கலந்தது என்று பையில் அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்கவேண்டும். ஈரம் பட்டால் அயோடின் குறையுமாதலால் ஜாடியை மூடியே வைக்கவேண்டும். குழம்பை இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நல்லது. கழுத்தில் வீக்கம் கண்டால் மட்டும் உப்பை நம்பியிராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். அயோடின் குறைவின்றியும் தைராய்டு நோய் வருவதுண்டு.