அறுந்தது 40 மீற்றர்

கடந்த டிசெம்பர் மாரி மழையில், ஒரு நடுநிசியில், பக்கத்து வளவுத் தென்னை எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. மறுநாள் லுஹருக்கு முன்பே மின்சாரம் வந்துவிட்டது. அஸருக்குள் மரத்தை வெட்டி அகற்றிவிட்டார்கள். இணையம் மட்டும் வரவில்லை. அது திரும்பி வர 26 நாட்கள் ஆயின.

எங்கள் வீடு கல்முனைக்குத் தெற்கே, கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறது. நான் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கிறேன். என்னுடைய ஒன்லைன் வகுப்பு, டியூட், தோழியருடன் செய்யும் குப்பி எல்லாம் இணையத்தில்தான். மூத்தம்மாவுக்கு இணையம் ஒரேயொரு விடயத்துக்குத்தான் தேவை. கத்தாரில் சாரதியாக இருக்கும் மாமா அவருடைய ஒரே மகன். மூத்தம்மாவுக்குக் காது கேட்பது மிகக் குறைவு. சாதாரணத் தொலைபேசியில் மாமா பேசினால் ஒன்றும் விளங்காது. இமோவில் முகம் தெரிந்தால், உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வார். இஷா தொழுதுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து, ஒன்பது மணிக்குக் கட்டில் ஓரத்தில் காத்திருப்பார். கத்தாரில் அப்போது ஆறரை மணி. மாமா வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம்.

சிவப்பு லைட் சொல்வது என்ன?

முதல் நாள் எனக்குப் பெரிய குழப்பம். போனில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தது. ஆனால் எதுவும் திறக்கவில்லை. பலரும் வைஃபையும் இணையமும் ஒன்றென்றே நினைக்கிறோம். வைஃபை என்பது ரவுட்டருக்கும் போனுக்கும் இடையிலான வானொலி அலைத் தொடர்பு மட்டுமே. ரவுட்டருக்கு வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும் அந்தத் தொடர்பு அப்படியே இருக்கும். கிணறு வற்றினாலும் வீட்டுக்குள் குழாய் இருப்பதைப் போல.

வெளியிலிருந்து வருகிறதா என்பதை ரவுட்டரின் லைட்டுகள் சொல்லும். ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய லைட் சிவப்பாக மின்னினால், ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. நான் பதினைந்து தடவையாவது அணைத்துப் போட்டிருப்பேன். பிறகுதான் வாப்பா முற்றத்தில் நின்று மேலே கையைக் காட்டினார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மெல்லிய கறுப்பு வயர் நடுவில் அறுந்து, மதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

அந்தக் கறுப்பு உறைக்குள் இருப்பது செம்பு அன்று, கண்ணாடி. உறைகளை எல்லாம் உரித்தால் எஞ்சும் இழையின் விட்டம் 0.125 மில்லிமீற்றர். அதற்குள்ளும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 0.009 மில்லிமீற்றர்தான். நமது தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது.

வளைந்து நெளிந்து வரும் கண்ணாடியிலிருந்து ஒளி ஏன் வெளியே சிந்துவதில்லை? நடுப்பகுதியின் முறிவுச் சுட்டி, அதைச் சுற்றியுள்ள கண்ணாடியின் முறிவுச் சுட்டியை விடச் சற்று அதிகம். அவதிக் கோணத்தை விடக் கூடிய கோணத்தில் படும் ஒளி வெளியே போகாமல் உள்ளேயே தெறிக்கிறது. முழு உட்தெறிப்பு என்று வகுப்பில் படம் வரைந்து புள்ளி வாங்குகிறோமே, அதுதான். அந்தப் படம் எங்கள் முற்றத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

நமது படம், குரல், எழுத்து எல்லாம் முதலில் 0, 1 என்ற இலக்கங்களாக மாறுகின்றன. அவை ஒளித் துடிப்புகளாகக் கண்ணாடிக்குள் ஓடுகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. வீட்டுக்கு வரும் ஒளிக்கு ஓர் அலைநீளம், வீட்டிலிருந்து போகும் ஒளிக்கு வேறோர் அலைநீளம். அதனால் ஒரே இழையில் இரண்டும் மோதாமல் செல்கின்றன. தங்கச்சி, தம்பிமாருக்கு ஒரு சொல்: அறுந்த ஃபைபரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். ஒளி தெரியவில்லை என்பதற்காக அங்கே ஒளி இல்லை என்று ஆகிவிடாது.

தோஹாவிலிருந்து எங்கள் ஒழுங்கை வரை

மாமாவின் முகம் வரும் வழியை ஒரு கொப்பியில் வரைந்து பார்த்தேன். அவருடைய போனிலிருந்து அங்குள்ள கோபுரம். அங்கிருந்து நிலத்தடிக் கேபிள். பிறகு கடல். கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்கள் நமது நாட்டில் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய இடங்களில் கரையேறுகின்றன. மாத்தறையில் கரையேறுவது சீ-மீ-வீ 5. தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சுருக்கி இட்ட பெயர் அது. ஆழ்கடலில் இத்தகைய கேபிளின் பருமன் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் அளவுதான். 2004 ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியபோது, நாடே இணையம் இல்லாமல் தவித்தது. அன்று நாட்டுக்கு நடந்தது இன்று எங்கள் வீட்டுக்கு நடந்தது.

கரையேறிய ஒளி தரைவழிக் கேபிள்களில் நாட்டைக் கடந்து எங்கள் பகுதிப் பரிமாற்ற நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து வரும் ஓர் இழையைக் கம்பத்திலுள்ள சிறிய பெட்டி பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு 40 மீற்றர்.

தோஹாவுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் 3,500 கிலோமீற்றருக்கும் அதிகம். கண்ணாடிக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கே போதும். அவ்வளவு பாதையும் நலமாகவே இருந்தது. அடுத்த ஒழுங்கையில் இணையம் வேலை செய்தது. கடைசி 40 மீற்றர்தான் இல்லை.

நான் சொன்ன பொய்

வாப்பா முதல் நாளே முறைப்பாடு செய்தார். மழையில் பல இடங்களில் வயர் அறுந்திருந்ததால் தாமதமாகும் என்றார்கள். பதினோராம் நாள், “உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரவுட்டரில் சிவப்பு லைட் மின்னிக்கொண்டுதான் இருந்தது. வாப்பா ஒவ்வொரு தடவையும் முறைப்பாட்டு இலக்கம், திகதி, பேசிய நேரம் மூன்றையும் கடைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் மீண்டும் வரிசையில் இடம் கிடைத்தது. பெற்றோர் கவனிக்க வேண்டிய விடயம் இது.

மழை வெள்ளம் வாப்பாவின் சில்லறைக் கடைக்குள்ளும் வந்திருந்தது. அரிசி, சீனி மூட்டைகள் நனைந்து பெரிய நட்டம். எனவே வாரத்துக்கு ஒரு டேட்டா கார்ட் மட்டுமே வாங்கித் தந்தார். “படிப்புக்கு எடு மகள். வெள்ளிக்கிழமை மூத்தம்மாட கோலுக்குக் கொஞ்சம் மிச்சம் வை” என்றார். எங்கள் ஒழுங்கையில் ஃபைபர் எடுத்த வீடு எங்களுடையது மட்டும்தான். முழங்கால் வலியோடு சேற்றில் நடந்து இன்னொரு வீட்டுக்குப் போக மூத்தம்மாவால் முடியாது.

முதல் இரண்டு வாரமும் மிச்சம் வைத்தேன். மூன்றாவது வாரம், வியாழன் இரவு, இயக்கவியல் வினாவுக்கு விளக்கம் தேடி ஒரு வீடியோ பார்த்தேன். அது முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்கென்று குறு வீடியோக்களைத் திறந்தேன். ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே வந்தது. “உங்கள் டேட்டா முடிவடைந்துவிட்டது” என்ற செய்தி வந்தபோது மணி பன்னிரண்டரை.

வெள்ளி இரவு மூத்தம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் இருந்தார். “மகன்ட கோல் வருமா மகள்?” என்றார். நான் போனைப் பார்த்தபடியே, “மழைக்கு சிக்னல் இல்ல மூத்தம்மா” என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இருபத்தாறாம் நாள்

திருத்துநர் அண்ணா காலை பத்து மணிக்கு வந்தார். கம்பத்திலிருந்து புதிய வயர் இழுத்து, இழையின் உறையை உரித்து, அற்ககோல் தொட்ட துணியால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டினார். பிறகு இரண்டு முனைகளையும் ஒரு சிறு இயந்திரத்துக்குள் வைத்தார். அது முனைகளை நேராக்கி, மின்பொறியின் வெப்பத்தால் கண்ணாடியை உருக்கி ஒட்டியது. சில செக்கன்களில் வேலை முடிந்தது.

பின்பு ஒளியின் வலுவை அளந்தார். மானியில் மைனஸ் 20 டிபிஎம். ஒலியியலில் படிக்கும் டெசிபெல்லைப் போன்ற மடக்கை அளவீடுதான் இதுவும். மைனஸ் 20 என்றால் ஒரு மில்லிவாற்றின் நூறில் ஒரு பங்கு. “இது நல்ல அளவு தங்கச்சி. மைனஸ் 27க்குக் கீழ போனாத்தான் பிரச்சினை” என்றார். சிவப்பு லைட் அணைந்தது. உம்மா அவருக்கு இஞ்சித் தேநீர் கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மாமாவின் முகம் பாதியில் உறைந்து நின்றது. மூத்தம்மா திரையைத் துடைத்துப் பார்த்தார். காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 26 நாட்களாகக் காத்திருந்த நான்கு போன்களும் ஒரு மடிகணினியும் ஒரே நேரத்தில் செயலிகளைப் புதுப்பித்து, படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நீண்ட நாளுக்குப் பின் இணையம் வந்தால் முதல் இரவு இப்படித்தான் நெரிசலாகும். ஒவ்வொரு கருவியிலும் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, தேவையானதை ஒவ்வொன்றாக விட வேண்டும். எல்லாப் போன்களின் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் மூத்தம்மாவின் கையில் கொடுத்தேன். படம் தெளிந்தது. மாமா மெலிந்திருப்பதாக மூத்தம்மா சொன்னார். மாமா சிரித்தார். அதற்கு மேல் அவர்கள் பேசியதை நான் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அழைப்பு முடிந்ததும் மூத்தம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அவரிடம் ஒன்றை முணுமுணுத்துவிட்டுப் போக முடியாது. முகத்துக்கு நேரே இருந்து, உதடு தெரிய, மெதுவாகச் சொல்ல வேண்டும். “அண்டைக்கு சிக்னல் இருந்திச்சு. நான்தான் டேட்டாவ முடிச்சிட்டேன்.” முதல் தடவை என் வாய் கோணியதால் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார். “நீ என்ட முகத்தப் பாத்துச் சொல்லல்லயே.”

அதன் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் தரவிறக்கி மடிகணினியில் சேமித்திருக்கிறேன். இணையம் போனாலும் படிப்பு நிற்காது. வினாத்தாள்களைத் தோழியருக்கும் பென் டிரைவில் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு என் போனின் வைஃபையை அணைத்துவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் மூத்தம்மாவுடையது.