பயன் சொல்லும் வாசிப்பு

சாதாரண தரத் தமிழ் வினாத்தாளில் கிரகித்தல் பகுதி வந்தால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம். பந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் தடங்கலே இருக்காது. “அவர் ஏன் அப்படிச் செய்தார்?” என்று கேட்டால் மட்டும் கண் மறுபடி பந்திக்குள் போய் அலையும். கவனக்குறைவு என்று ஏசிவிடுவது இலகு. ஆனால் அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் பொருள் தெரியாத சொல்லைக்கூடப் பிழையில்லாமல் உச்சரித்துவிட முடிகிறது. சரளமான அந்தக் குரலுக்குப் பின்னால் புரியாமை ஒளிந்துகொள்கிறது.

பிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு விளக்கம். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான்.

வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தரிப்பும் ஏறத்தாழக் கால் நொடி. அதற்குள் மூளை சொல்லை இனங்கண்டு, பொருளை எடுத்து, முன்பு வந்ததோடு பிணைக்கத் தொடங்கிவிட வேண்டும். பந்தியில் எழுதப்படாத இடைவெளிகளையும் அதுவே நிரப்புகிறது. எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது இந்த நிரப்பல்தான். “மூன்று நாள் மழை. இரணைமடு வான் பாய்ந்தது. கண்டாவளைப் பக்கத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போனது.” மூன்றே வாக்கியங்கள். வெள்ளம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட பிள்ளைக்குக் குளம் நிரம்புவதும், மிகுநீர் கனகராயன் ஆற்றுவழியே பள்ளத்துக்கு இறங்குவதும், வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுவதும், பள்ளிக்கூடம் இடைத்தங்கல் முகாம் ஆவதும் கண்முன் வந்துவிடும். மழை பெய்யும் நாளில் சனம் ஏன் படிக்கப் போனது என்று அந்தப் பிள்ளை கேட்காது. குளம் பார்த்தறியாத நகரத்துப் பிள்ளை, எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், கேட்கக்கூடும்.

இதையே டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி இருவரும் 1988இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். 64 மாணவருக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்களும் வாசிப்பில் பின்தங்கியவர்களும் அதில் இருந்தனர். இரு சாராரிலும் ஆட்டம் தெரிந்தவர் பாதி, தெரியாதவர் பாதி. ஆட்டம் தெரிந்திருந்தும் வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகரை முந்திவிட்டார்கள்.

ஆகவே கடந்தகால வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்விப்பது மட்டும் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேரத்தைப் பங்கிட அது பழக்கும்; உலகத்தை அது அறிமுகப்படுத்தாது. 2009இல், போரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தே பரீட்சை எழுதிய பிள்ளைகள் வன்னியில் உண்டு. இடப்பெயர்வில் புத்தகங்களை விட்டுவிட்டு ஓடியவர்களுக்குப் பந்தி விளங்காமல் போனால், குறைந்திருந்தது வாசித்தறியும் வாய்ப்பே தவிர மூளை அன்று.

சொல் பெருகுவதும் மெதுவான வேலை. வாசிப்பின் ஊடே எதிர்ப்படும் நூறு புதிய சொற்களில் சுமார் 15தான் மனதில் ஏதாவது தடம் பதிக்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். ஒரே சொல் வெவ்வேறு இடங்களில் மறுபடி மறுபடி வர வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி, ஒரு மாதம் ஒரே பொருளைப் பற்றி வாசிப்பது. கடல் என்றால் கடலைப் பற்றிய கதை, செய்தி, கட்டுரை எல்லாம். புத்தகம் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தாலும் பயனில்லை. ஆங்கிலம் கற்போரை ஆராய்ந்த ஹூ, நேஷன் ஆகியோர் 2000இல் கண்டது, துணையில்லாமல் விளங்கிக்கொள்ள நூற்றில் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது. ஆங்கிலப் பாடத்துக்கு ஆறாம் வகுப்புக் கதைப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை எடுத்தால் வெட்கப்படுத்த வேண்டாம்.

வாசித்ததை நிலைநிறுத்தும் முறை நம் கோயில்களிலேயே இருக்கிறது. கந்தபுராணப் படிப்பில் ஒருவர் பாட்டைப் படிப்பார், அடுத்தவர் பயன் சொல்வார். பொருள் சொல்லி முடியும்வரை அடுத்த பாட்டுக்கு நகர்வதில்லை. 1984இல் பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், எழுத்து வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவரிடம் இதைப் போன்ற ஒன்றைத்தான் செய்து பார்த்தார்கள். மாணவர் முறை வைத்து ஆசிரியராகி, பந்தியைச் சுருக்கிச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், விளங்காததைத் தெளிவுபடுத்துவார்கள், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள். சில வாரங்களிலேயே பிள்ளைகள் வெகுவாக முன்னேறினார்கள்.

தனியாகப் படிக்கும் பிள்ளையும் கொப்பியை மூடிவிட்டு, வாசித்ததன் பயனைத் தன் வாயால் சொல்லலாம். ரோடிகர், கார்பிக் 2006இல் நடத்திய ஆய்வில், ஒரு பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் சற்று முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழானது. திரும்ப வாசித்தவர்களுக்கு 42 வீதம் நினைவிருந்தது. வாசித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56 வீதம்.